கோவாவில் நிற்கும் எல்லோரா ராணி: சூப்பர் கான்ஸ்டலேஷனைத் தேடிப் போன கதை

அரக்கோணத்தான் | சனி, இரவு 9.40

நீண்ட பதிவு. அவசரக்காரர்கள் இப்போதே தாண்டிப் போய்விடலாம்.

பெயரிலேயே ஊரை வைத்திருப்பவன் நான். 1990களில் அரக்கோணத்தில் வளர்ந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்: ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து டியூ-142 என்ற ரஷ்ய விமானம் கிளம்பினால் வகுப்பில் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிடுவார். வேறு வழியில்லை. நான்கு என்ஜின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர்கள். அந்த ஓசையைக் காதைவிட விலா எலும்புதான் முதலில் உணரும். அது கடந்து போகும் வரை வாத்தியார் சாக்பீஸைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்ப்பார், நாங்களும் பார்ப்போம். எனக்கு விமானப் பைத்தியம் பிடித்தது அந்த ஜன்னலில்தான்.

2017 மார்ச் 29 அன்று அவை ஓய்வு பெற்றன. அன்று நான் ஊரில் இல்லை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

அந்த விமானங்களை வைத்திருந்த படைப்பிரிவின் எண் 312, பெயர் அல்பட்ராஸ். போன மழைக்காலத்தில் பொழுது போகாமல் அதன் பூர்வீகத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன். படைப்பிரிவு பிறந்தது அரக்கோணத்தில் இல்லை. 1976 நவம்பரில், கோவாவின் ஹன்ஸா தளத்தில். அப்போது அதனிடம் இருந்தவை ரஷ்ய விமானங்களும் இல்லை. லாக்ஹீட் சூப்பர் கான்ஸ்டலேஷன்கள்! ஏர் இந்தியா ஒரு காலத்தில் மேல்நாட்டுப் பயணிகளை ஏற்றிச் சென்ற அதே விமானங்கள். 1960இல் போயிங் 707 வந்ததும் அவற்றுக்கு மவுசு குறைந்தது. விமானப்படைக்குப் போயின, பிறகு கடற்படைக்கு வந்தன, 1984 வரை கடலைக் காவல் காத்தன. அதில் ஒன்று இன்னும் கோவாவில் நிற்கிறது.

முப்பது ஆண்டுகளாகப் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பாட்டி உயிரோடு இருக்கும் சேதி வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

வீட்டில் "கோவா போகலாமா" என்று கேட்டபோது மனைவியின் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. உண்மைக் காரணத்தை ஹூப்ளி தாண்டிய பிறகுதான் சொன்னேன். காசில்ராக்கிலிருந்து ரயில் மலை இறங்கும்போது தூத்சாகர் அருவி வந்தது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்க ஜன்னலுக்கு ஓடினார்கள். அருவி என்னைக் காப்பாற்றியது.

இறங்கிய மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு போக்மாலோ போனேன். வாஸ்கோவிலிருந்து ஆறேழு கிலோமீட்டர், டபோலிம் விமான நிலையத்தை ஒட்டிய சாலை. கேட் பூட்டியிருந்தது. அன்று திங்கள்கிழமை. கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. விமானங்களின் பதிவெண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு வாரத்தில் எந்த நாள் திறந்திருக்கும் என்று பார்க்கத் தெரியவில்லை. வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவில் ஒரு வாலின் நுனி தெரிந்தது. மூன்று வால்களில் ஒன்று. அதை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அன்று மாலை கடற்கரையில் யாரோடும் பேசவில்லை.

செவ்வாய் காலை, திறந்தவுடன் உள்ளே போன முதல் ஆள் நான்தான்.

என்ன எதிர்பார்த்துப் போனேன் என்று இப்போது நினைத்தால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பெரியதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அளவில் அது பெரியது இல்லை: நீளம் 34.6 மீட்டர், இறக்கை விரிவு 37.5 மீட்டர். இன்று எந்த ஊரிலும் வந்து நிற்கும் ஏ320 அளவுதான். ஆனால் நிற்கும் விதம் இருக்கிறதே! முன்சக்கரக் கால் கொக்குக் கால் போல நீண்டு, மூக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. உடம்பில் நேர்கோடு என்று ஒன்றே இல்லை. மூக்கு கொஞ்சம் தாழ்ந்து, முதுகு எழும்பி, வாலை நோக்கி மறுபடி வளைந்து மேலே போகிறது. வரைபடத்தில் பார்த்தபோது அலங்காரம் என்று நினைத்திருந்தேன். நேரில், ஓடத் தயாராக நிற்கும் குதிரையின் பின்பக்கம் போல ஒரு முறுக்கு தெரிகிறது.

ஏர் இந்தியாவில் இதன் பதிவெண் விடி-டிஹெச்எம், பெயர் 'எல்லோரா ராணி'. அந்தக் கூட்டத்தில் எல்லாம் ராணிகள்தான். 'நீலகிரி ராணி' என்றும் ஒன்று இருந்தது. இப்போது உடம்பில் இருப்பது கடற்படை எண், ஐஎன் 315. ராணி என்ற எழுத்து எங்காவது பெயின்டுக்கு அடியில் மங்கலாகத் தெரியாதா என்று மூக்குப் பகுதியை லென்ஸ் வழியாக ஒரு மணி நேரம் துழாவினேன். தெரியவில்லை. ஜன்னல்களை எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன், இரண்டு விடை வந்தது. உப்புக் காற்று தன் வேலையைச் செய்திருக்கிறது. தகடுகளின் ஓரங்களில் வெள்ளைப் பொருக்கு.

மற்றவையும் அங்கே இருக்கின்றன: சீ ஹாரியர், சீ ஹாக், அலீஸே, கடற்படை விமானப் பிரிவின் தொடக்க காலத்து ஷார்ட் சீலேண்ட். சீலேண்டைப் பற்றித் தனியாக ஒரு இழை தொடங்க வேண்டும், அதற்கு அந்தத் தகுதி உண்டு. இந்த முறை அதற்கு ஐந்து நிமிடம்தான் கொடுத்தேன்.

பள்ளிப் பிள்ளைகள் ஒரு வண்டி வந்து இறங்கினார்கள். சீ ஹாரியர் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். ராணியின் நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். அவ்வளவுதான்.

படங்கள் அடுத்த வாரம்.

கேள்விக்குறி | சனி, இரவு 10.05

அருமை அண்ணா. திங்கள்கிழமை கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஒரு சந்தேகம்: மூன்று வால் எதற்கு? ஒன்று போதாதா?

மூன்றுவால் | சனி, இரவு 10.31

என் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், தம்பி.

நான்கு பெரிய என்ஜின்கள் இறக்கையில் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் ஒன்று நின்றுபோனால் மறுபக்கம் விமானத்தைத் திருப்பித் தள்ளும். அதை எதிர்த்துப் பிடிக்க வாலில் நிறையப் பரப்பு வேண்டும். ஒரே வாலில் அத்தனை பரப்பையும் வைத்தால் அது பனைமர உயரம் போகும்; அன்றைய ஹேங்கர்களின் கதவுக்குள் நுழையாது. பரப்பை மூன்றாகப் பிரித்தார்கள். சூப்பர் கான்ஸ்டலேஷனின் வால் தரையிலிருந்து சுமார் 7.5 மீட்டர்தான். ஏ320இன் வால் 11.8 மீட்டர்.

முன்கால் நீளமாக இருப்பதும் அழகுக்காக இல்லை. புரொப்பல்லர்கள் பெரியவை, தரையில் இடிக்கக் கூடாது. கால் நீண்டால் எடை கூடும் என்பதால் மூக்கைச் சற்றுக் கீழே வளைத்து, காலின் நீளத்தை முடிந்தவரை குறைத்தார்கள். இப்படி ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்குக்குக் கொடுத்த விலையும் பெரியது. இன்றைய விமானம் குழாய் போன்றது. நடுப்பகுதியில் ஒரே அளவு வளையங்களை வரிசையாக அடுக்கிவிடலாம், நீட்ட வேண்டுமென்றால் நடுவில் சிலவற்றைச் சேர்த்துவிடலாம். இதில் வளையங்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. செய்வதும் செலவு, பழுது பார்ப்பதும் செலவு. 1943 ஜனவரியில் முதலில் பறந்தது தொடங்கி எல்லா வகைகளும் சேர்த்து 856தான் செய்தார்கள்.

அரக்கோணத்தாரே, "குதிரையின் பின்பக்கம்" சரியான உவமை. ஆங்கிலேயர்கள் டால்பின் என்பார்கள். எனக்கு உங்களுடையது பிடித்திருக்கிறது.

இல்லவாரா | ஞாயிறு, காலை 6.12

சிட்னியிலிருந்து எழுதுகிறேன். பதிவு நன்று. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: நீங்கள் பார்த்தது கான்ஸ்டலேஷன் இல்லை, அதன் உடல். கான்ஸ்டலேஷனைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வாருங்கள்.

சிட்னிக்குத் தெற்கே, ஆல்பியன் பார்க் என்ற சிறிய விமானத் தளத்தில் பழைய விமானங்களைப் பேணும் சங்கம் ஒன்று இருக்கிறது, ஹார்ஸ் என்று பெயர். அவர்களிடம் ஒரு கானி இருக்கிறது. இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போல. அமெரிக்காவின் டூசான் பாலைவனத்தில் கிடந்ததைத் தன்னார்வலர்கள் அங்கேயே போய் ஆண்டுக்கணக்கில் பழுது பார்த்து, 1996இல் பசிபிக்கைக் கடந்து பறக்கவிட்டே கொண்டுவந்தார்கள்.

நான் போனது ஒரு விமானக் கண்காட்சி நாளில். என்ஜினை முடுக்கும்போது முதலில் புரொப்பல்லர் மட்டும் சோம்பலாகச் சுற்றுகிறது. ஒன்றும் நடக்காது போலிருக்கிறதே என்று நினைக்கும் நேரத்தில் ஒரு இருமல். பிறகு வெள்ளைப் புகை. என்ஜினே மறைந்துவிடும் அளவுக்கு. புகைக்குள்ளிருந்து ஒரு முழக்கம் எழுந்து, தடுமாறி, பிறகு சீராகிறது. இப்படி நான்கு முறை. நான்காவது சீரானபோது என் பக்கத்தில் நின்றிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அங்கே இன்னொரு அதிசயமும் உண்டு. குவான்டாஸ் நிறுவனத்தின் முதல் போயிங் 747-400. 1989இல் லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் 20 மணி 9 நிமிடத்தில் வந்த விமானம். 2015 மார்ச்சில் அதை ஓய்வு கொடுத்து இங்கே இறக்கினார்கள். ஓடுபாதை 1,819 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த விமானத்தின் இறக்கை விரிவே ஓடுபாதையின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு!

பறக்கும் விமானத்தைப் பார்ப்பவர்களைத்தான் விமானம் பார்ப்பவர்கள் என்று சொல்வோம். நிற்பதைப் பார்ப்பது அருங்காட்சியகச் சுற்றுலா.

மூன்றுவால் | ஞாயிறு, காலை 9.20

இல்லவாரா, உங்கள் கானி பறக்கிறது என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அதன் பிறப்புச் சான்றிதழை நீங்கள் சொல்லவில்லையே?

அது 1955இல் அமெரிக்க விமானப்படைக்காகச் செய்த சி-121சி. பிறகு அமெரிக்க மாநிலங்களின் தேசியக் காவல்படைகளில் வேலை பார்த்தது. 1977இல் பாலைவனத்துக்குப் போனது. உழைத்த காலத்தில் ஒரு நாள்கூட அது குவான்டாஸ் விமானமாக இருந்ததில்லை. டிக்கெட் வாங்கிய பயணி எவரும் அதில் ஏறியதில்லை. இப்போது குவான்டாஸ் பாணியில் சிவப்புப் பட்டை தீட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'கானி' என்று எழுதியிருக்கிறார்கள், அந்த மட்டும் நேர்மை. கூத்தில் ராஜா வேடம் கட்டியவர் நன்றாக ஆடுகிறார் என்பதற்காக அவரை ராஜா என்று சொல்லிவிட முடியுமா?

கோவாவில் நிற்பது நிஜ ராணி. கிழிந்த சேலை, ஆனாலும் ராணி.

இன்னொன்று. ஏர் இந்தியாவின் சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் 1956இலேயே சிட்னிக்குச் சேவை நடத்தின. உங்கள் ஊர் மண்ணில் பயணிகளை இறக்கிய கூட்டத்தைச் சேர்ந்தது கோவாவில் நிற்பது. நீங்கள் பார்த்தது 1996இல் வந்த விருந்தாளி.

இல்லவாரா | ஞாயிறு, காலை 9.48

வேடம் கட்டுபவர் ஆடுகிறார் அண்ணா. உங்கள் ராணியின் நிழலில் பிள்ளைகள் புளிச்சோறு சாப்பிடுகிறார்கள்.

மூன்றுவால் | ஞாயிறு, காலை 9.55

கோவாவில் புளிச்சோறு கிடைக்காது.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 10.30

இருவரும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

மீனம்பாக்கம் மாடி | ஞாயிறு, பகல் 12.15

சண்டைக்கு நடுவில் ஒரு சின்னச் செய்தி. ஏர் இந்தியா 1954இல் சிங்கப்பூர் சேவையைத் தொடங்கியபோது விமானம் மெட்ராஸ் வழியாகத்தான் போனது. என் தாத்தாவின் அண்ணன் அப்படி ஒரு விமானத்தில் சிங்கப்பூர் போனவர். குடும்பத்தில் கப்பலேறாமல் கடல் கடந்த முதல் ஆள். வழியனுப்ப இருபது பேர் போய் நின்றதாகச் சொல்வார்கள். "மூணு வாலு வச்ச ஏரோப்ளேன்" என்று பாட்டி சொல்லும்போது அது வயதான காலத்துக் குழப்பம் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். இந்த இழையைப் படித்த பிறகுதான் பாட்டி சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. இப்போது சொல்ல அவர் இல்லை.

பழைய ஸ்பேனர் | ஞாயிறு, மாலை 5.40

வணக்கம். இங்கே படிப்பவன்தான், எழுதுவது குறைவு. தட்டச்சுப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1970களின் கடைசியில் டபோலிமில் என்ஜின் பிரிவில் வேலை பார்த்த மாலுமி. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் விமானங்களின் அடியில் படுத்துக் கிடந்தவன். ஐஎன் 315இன் அடியிலும்தான். அரக்கோணத்துத் தம்பி எழுதியதை மூன்று முறை படித்தேன்.

முதலில் ஒரு திருத்தம். கடலைக் காவல் காத்தது சரி. ஆனால் டியூ-142 பேரன், இது பாட்டி என்று எழுதியதால் இரண்டும் ஒரே வேலை செய்தன என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டியூ-142 நீர்மூழ்கிகளைத் தேடி அடிக்கப் பிறந்தது. சூப்பர் கானி பயணிகளுக்காகப் பிறந்தது. நாங்கள் அதைக் கடலை வேவு பார்க்கும் கண்ணாக வைத்திருந்தோம். எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று மணிக்கணக்காகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும். அதற்கு அது பொருத்தமான விமானம். அட்லான்டிக்கைத் தாண்டுவதற்காகக் கட்டியது, பத்து மணி நேரம் சுற்றுவதற்கு அலுத்துக்கொள்ளாது.

அலுத்துக்கொண்டது என்ஜின்தான்.

ரைட் ஆர்-3350. பதினெட்டு சிலிண்டர்கள், ஒன்பது ஒன்பதாக இரண்டு வட்டம். ஒவ்வொரு என்ஜினும் 3,250 குதிரைத்திறன். வெளியேறும் புகையையும் வீணாக்கக் கூடாது என்று அதன் பாதையில் மூன்று சுழலிகளை வைத்து, அவற்றின் சக்தியைத் திரும்ப என்ஜினின் தண்டுக்கே கொடுத்தார்கள். படிக்க நன்றாக இருக்கும் ஏற்பாடு. கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு, பழுதாவதற்கு இன்னும் மூன்று சாமான்.

சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். ஒரு என்ஜினுக்கு 36. விமானத்துக்கு 144. மழைக்காலத்தில் கோவாவின் ஈரத்தில் இந்த 144இல் எது மக்கர் செய்கிறது என்று தேடுவதுதான் எங்கள் வாழ்க்கை. பின்வட்டத்தில் இருக்கும் பிளக்கைக் கழற்ற விரல் வளைய வேண்டிய கோணத்தில் கடவுள் விரலைப் படைக்கவில்லை.

சிட்னிக்காரர் புரொப்பல்லர் சோம்பலாகச் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறார். அது சோம்பல் இல்லை தம்பி. வட்டமான என்ஜினில் சில சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். நிறுத்தி வைத்திருக்கும்போது எண்ணெய் வழிந்து அவற்றில் போய்த் தேங்கிவிடும். காற்றை அழுத்தலாம், எண்ணெயை அழுத்த முடியாது. அப்படியே பற்றவைத்தால் உள்ளே இருக்கும் தண்டு வளைந்துவிடும். அதனால் முதலில் பற்றவைக்காமல் சுற்றவிட்டு, தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்ப்போம். ஒவ்வொரு பிளேடாக எண்ணுவோம். எண்ணிக்கை முடிந்த பிறகுதான் பற்றவைப்பு. வெள்ளைப் புகை என்பது மிச்ச எண்ணெய் எரிவது. எனக்கு இன்றும் மாடிப்படி ஏறும்போது வாய் தானாக எண்ணும்.

எண்ணெய் ஒழுகாத என்ஜினைப் பார்த்தால் எங்கள் பெரிய அதிகாரி ஓடி வருவார். ஒழுகவில்லையென்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம்.

பறப்பது உசத்தியா, நிற்பது உசத்தியா என்று ஒரு விவாதம் ஓடுவதைப் பார்த்தேன். என்னைக் கேட்டால், சிட்னிக் கானியின் சத்தம்தான் எனக்கு வேண்டும். ஆனால் கோவாவில் நிற்பதன் மூன்றாம் என்ஜினில் என் இடது கை மோதிர விரலின் தோல் கொஞ்சம் இருக்கிறது.

இல்லவாரா | ஞாயிறு, மாலை 6.02

ஐயா, "அருங்காட்சியகச் சுற்றுலா" என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சோம்பல் என்று எழுதியதையும்தான்.

காலிக்காற்று | ஞாயிறு, இரவு 8.25

இலங்கையிலிருந்து. தலைப்பை விட்டு அரை அடி விலகுகிறேன், மட்டுறுத்துநர் பொறுக்க வேண்டும்.

எங்கள் ஏர் சிலோனும் 1956 முதல் டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் துணையோடு கான்ஸ்டலேஷனில்தான் ஐரோப்பாவுக்குப் பறந்தது. இரத்மலானையில் அவை வந்து நிற்பதைப் பார்த்தவர்கள் இன்று எழுபத்தைந்து, எண்பது வயதில் இருப்பார்கள். எங்களிடம் நின்றுகொண்டிருக்கும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நிழலில் சாப்பிடவாவது உங்களுக்கு ஒரு ராணி இருக்கிறாள்.

குவான்டாஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். காலிக்குப் பக்கத்தில் கொக்கலை ஏரி இருக்கிறது. 1943 முதல் 1945 வரை குவான்டாஸின் கேட்டலினா நீர்விமானங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து நிற்காமல் அங்கே வந்து இறங்கின. போர்க்காலம், சிங்கப்பூர் ஜப்பானியர் கையில். வானொலியில் பேசக்கூடத் தடை, நட்சத்திரங்களைப் பார்த்து வழி பிடித்து வருவார்கள். பயணம் சுமார் 27 முதல் 33 மணி நேரம் வரை. வழியில் இரண்டு முறை சூரியன் உதிக்கும், அதனால் பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். எரிபொருளின் எடை போக ஏற்றக்கூடிய பயணிகள் மூன்று பேர்! ஏரி இன்றும் இருக்கிறது. நான் வாரம் ஒருமுறை அதைக் கடந்து வேலைக்குப் போகிறேன், ஒவ்வொரு முறையும் தண்ணீரைப் பார்க்கிறேன். வண்டியில் கூட வருபவர்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

இசார் ஆற்றங்கரை | திங்கள், அதிகாலை 1.10

மியூனிக் விமான நிலையத்தின் பார்வையாளர் பூங்காவிலும் ஒரு சூப்பர் கான்ஸ்டலேஷன் நிற்கிறது. பளபளவென்று லுஃப்தான்சா வண்ணத்தில். பிள்ளைகளோடு நான்கைந்து முறை போயிருக்கிறேன், ஒரு பொருக்குகூடக் கிடையாது. ஆனால் அது உழைத்ததெல்லாம் ஏர் பிரான்ஸில். மூன்றுவாலின் தராசில் இதை எந்தத் தட்டில் வைப்பது? நிஜ ராணிதான், ஆனால் பக்கத்து நாட்டுச் சேலை.

நியூயார்க்கில் கென்னடி விமான நிலையத்தின் டிடபிள்யூஏ ஹோட்டலில் இந்தக் குடும்பத்தின் கடைசித் தங்கையான ஸ்டார்லைனர் ஒன்று மதுக்கூடமாகவே இருக்கிறது, 2019 முதல். இடையில் கொஞ்ச காலம் கஞ்சா கடத்திய விமானம் அது. அதற்கு எந்தத் தட்டு?

மூன்றுவால் | திங்கள், காலை 7.45

மியூனிக்: ராணி. நியூயார்க்: ராணிதான், சகவாசம் சரியில்லை.

கேள்விக்குறி | திங்கள், காலை 8.30

அண்ணா, அங்கே படம் எடுக்க விடுகிறார்களா? போன மாதம் ஒரு விமான நிலையத்துக்கு வெளியே சாலையோரம் கேமராவோடு நின்றதற்கு என்னை இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு படமும் மிஞ்சவில்லை. பறவை பார்ப்பவன் என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

அரக்கோணத்தான் | திங்கள், இரவு 9.15

பொய் சொல்லாதே தம்பி, அது இன்னும் சிக்கல். டபோலிம் கடற்படைத் தளம். சாலையில் நின்று தளத்தின் பக்கம் லென்ஸை நீட்டவே கூடாது. வேலிக்கு வெளியே நின்று வாலை எடுத்தேன் என்று எழுதினேன் அல்லவா, அதை யாரும் பின்பற்ற வேண்டாம், எனக்கே பிறகுதான் உறைத்தது. அருங்காட்சியக வளாகத்துக்குள் கேமராவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக எடுக்கலாம். ஒரு விமானத்தைச் சுற்றி எத்தனை முறை நடந்தாலும் யாரும் எதற்கு என்று கேட்காத இடம் நம் நாட்டில் குறைவு. நான் பதினோரு முறை நடந்தேன்.

மற்றபடி எல்லாருக்கும் நன்றி. மீனம்பாக்கம் மாடியின் பாட்டி வரிகளை மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஹூப்ளிக்கு அப்புறம் முதல் முறையாக இந்த விமானத்தைப் பற்றி அவளாகவே ஒரு கேள்வி கேட்டாள்: "அதில் சமையலறை இருந்ததா?"

பழைய ஸ்பேனர் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அங்கே நின்றபோது மூன்றாம் என்ஜினின் அடியில், உறைத் தகட்டின் பின்பக்க விளிம்பில், கை அகலத்துக்கு ஒரு ஒட்டுத் தகடு பார்த்தேன். ஆணிகள் மற்றவை போல ஒரே வரிசையில் இல்லை, கொஞ்சம் கோணலாக. படம் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் காலத்து வேலையா?

பழைய ஸ்பேனர் | திங்கள், இரவு 10.50

கோணல் என்றால் என் கூட இருந்த மலையாளியின் வேலையாக இருக்கலாம். படத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். பார்த்தாலும் என் கண்ணாடிக்குத் தெரியுமோ என்னவோ.

சமையலறை இருந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நீண்ட ரோந்துக்குப் போகிறவர்கள் அதில்தான் டீ போட்டுக் குடிப்பார்கள். தரையில் நின்ற எங்களுக்கு ஒரு சொட்டும் வந்ததில்லை.

நான் 1984க்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. மகன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். முழங்கால் கொஞ்சம் தகராறு, ஆனால் ரயிலில் உட்கார்ந்து வருவதற்கு முழங்கால் எதற்கு? நீங்கள் மறுபடி போவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அரக்கோணத்தான் | திங்கள், இரவு 10.58

ஐயா, டிசம்பர். டிக்கெட் நான் எடுக்கிறேன்.

இல்லவாரா | திங்கள், இரவு 11.04

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். எனக்கும் ஒன்று சேர்த்துப் போடுங்கள்.

மூன்றுவால் | திங்கள், இரவு 11.06

எனக்கும். புளிச்சோறு நான் கொண்டுவருகிறேன்.

கேள்விக்குறி | திங்கள், இரவு 11.07

எந்தக் கிழமை என்று பார்த்துவிட்டு எடுங்கள் அண்ணா.